குழாய் பிடிக்க ஓர் ஆள்

“யாரு இறங்கப் போறது?”

“நான்தான்.”

“எங்க?”

“எங்கன்னு கேட்டா? தண்ணியிலதான்.”

அவன் மனைவி அடுப்பைத் திருகி அணைத்தாள். கோபத்தில் அணைத்தாளா, பால் காய்ந்துவிட்டது என்று அணைத்தாளா என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரிதான் திருகுவாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க. காதுல சரியா விழல.”

“விழுந்துச்சு. விழாத மாதிரி கேக்குற.”

“காது கேக்காதவன் ஒருத்தன் ஏற்கெனவே இந்த வீட்டுல இருக்கான். துணைக்கு நானும் இருந்துட்டுப் போறேன். சொல்லுங்க.”

அவன் சொன்னான். கப்பல் பழுது பார்க்கும் துறையில் இத்தனை காலம் டைவருக்குக் குழாய் பிடித்தவன், இனிமேல் தானே டைவராக இறங்கலாம் என்றிருக்கிறான். சூப்பர்வைசரிடம் பேசியாகிவிட்டது. டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நாற்பதை நெருங்கும் உடம்புக்கு இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பயிற்சித் தொட்டியிலும் இறங்கிப் பழகி முடித்தாகிவிட்டது.

“எப்பப் பழகினீங்க?”

“ஞாயித்துக்கிழமைகள்ல.”

“ஓவர்டைம்னு போனீங்களே?”

“அது தொட்டிக்குத்தான்.”

“தல ஈரமா வந்தப்ப கேட்டேன். மழைன்னீங்க.”

“மழையும் பெஞ்சுது.”

“பெஞ்சிருக்கும், பெஞ்சிருக்கும். நம்ம தெருவ மட்டும் விட்டுட்டு ஊரெல்லாம் பெஞ்சிருக்கும்.” அவள் பாலை இரண்டு தம்ளர்களில் ஊற்றினாள். மூன்றாவதில் ஊற்றும்போது கொஞ்சம் நிறுத்தி, முன்னறைப் பக்கம் பார்த்தாள். “அவனுக்குத் தெரியுமா?”

முன்னறைக் கட்டில் கிறீச்சிட்டது. அங்கே படுத்திருந்தவன் அவளுடைய தம்பி. தாய் போனபின் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இந்தத் துறைக்கு இருந்த ஒரே டைவர். போன குளிர்காலத்தில் சளி பிடித்திருந்தபோது இறங்கினான். ஏறி வரும்போது ஒரு காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. மற்றக் காதும் பாதிதான். காது போனதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். நிதானம் போய்விட்டது. எழுந்து நின்றால் தரை சாய்கிறது என்கிறான். வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறான். சுண்ணாம்புச் சுவரில் அவன் கை போகும் உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு விழுந்துவிட்டது. அவள் வாரம் ஒருமுறை அதைத் துடைக்கிறாள்.

“தெரியாது,” என்றான் அவன். “நீயே சொல்லிடேன்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? இறங்குறது நீங்க.”

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “முட்டை வேக வெச்சிருக்கேன். அவனுக்கு ரெண்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

குழாய் பிடிக்கிற வேலை என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஏதோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவன் என்று தோன்றும். அப்படியில்லை. டைவருக்கு மூச்சுக்காற்று போகிற குழாய், ஒரு கயிறு, ஒரு ஒயர், மூன்றையும் சேர்த்துச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கை மணிக்கட்டுப் பருமன். அதன் ஒரு நுனி தண்ணீருக்கடியில் டைவரின் முதுகில். மறு நுனி மேடையில். நடுவில் குழாய்க்காரன் கை. ஒயரில் பேசலாம் என்று பேர். அது கரகரவென்று இரைவதோடு சரி. ஆகவே பேச்செல்லாம் இழுப்பில்தான். மேலேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், நல்லாயிருக்கியா? கீழேயிருந்து ஒன்று வந்தால், நல்லாயிருக்கேன். இரண்டு, குழாயை விடு. நாலு, என்னை மேலே தூக்கு. அவ்வளவுதான் அந்தப் பாஷை.

குழாய் தொய்ந்தால் எதிலாவது போய்ச் சிக்கும். விறைத்தால் கீழே இருப்பவன் கை தடுமாறும். தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. கீழே அவன் ஒரு அடி நகர்ந்தால் மேலே இவன் கை ஒரு அடி விடவேண்டும், அரை அடி திரும்பினால் அரை அடி வாங்கிச் சுருட்டவேண்டும். யோசித்துச் செய்ய முடியாது. கைக்கே தெரியவேண்டும். அவன் கைக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு தெரிந்திருந்தது என்றால், தூக்கத்திலும் ஓயாது. போர்வையை வாங்கி வாங்கிச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு தூங்குவான். அவள் குளிரில் எழுந்து உட்கார்ந்து, “யாரைத் தூக்குறீங்க இப்ப?” என்று கேட்டு, போர்வையைப் பிடுங்கிக்கொள்வாள்.

அப்படித் தன் மச்சினனைப் பிடித்திருந்தான். மழையில், மூடுபனியில், மேடைக் கம்பியில் கை ஒட்டிக்கொள்கிற குளிரில். குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். மற்ற வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள். இவன் நிற்பான். டைவர் மேலே வந்ததும் தலையை மூடியிருக்கும் இரும்புத் தொப்பியைக் கழற்றி விடுவதும் இவன்தான். உள்ளேயிருந்து வெளிவரும் முகம், நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவன் முகம்போல இருக்கும்.

“கீழ என்னடா இருக்கு?” என்று கேட்பான்.

“ஒண்ணுமில்ல மாமா. இருட்டு.”

“இருட்டுக்கா இப்படி முகம் தெளிஞ்சு வருவ?”

“ஒண்ணுமில்லன்னா நம்ப மாட்டீங்களே.”

நம்பவில்லை. எப்போது கேட்டாலும் இருட்டு என்றான். ஏதோ இருக்கிறது, இந்தப் பயல் தனக்கென்று வைத்துக்கொள்கிறான் என்று குழாய்க்காரனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. குறை வளர்ந்து ஆசையாகிவிட்டது. அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், வேலை. வெளியிலிருந்து புது டைவரை வரவழைத்தால், அவர் தன் குழாய்க்காரனையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். அந்தத் துறையில் அது எழுதாத சட்டம். யார் இறங்குகிறாரோ அவர்தான் தன் குழாயைப் பிடிக்கும் ஆளைச் சொல்லவேண்டும். கம்பெனி சொல்ல முடியாது. சூப்பர்வைசர் சொல்ல முடியாது. மூச்சு யாருடையதோ வாய் அவருடையது. புது டைவர் வந்தால் இவனுக்குக் குழாய் இல்லை. தளத்தில் பழைய பெயின்ட் சுரண்டப் போகவேண்டியதுதான்.

சூப்பர்வைசருக்கு விசில் என்று பேர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்பார்கள்.

“எல்லாம் சரி,” என்றார் விசில். “வெள்ளிக்கிழமை ஒரு சோதனை முங்கல். மூணாம் மேடையில நிக்குதே அந்தச் சரக்குக் கப்பல், அதோட ஏணியடியில இறங்கு. அடிப்பக்கமா கைய வெச்சுத் தடவிக்கிட்டே சுக்கான் வரைக்கும் போ. அதுல இந்தத் துணிய முடிஞ்சுட்டுத் திரும்பி வா. முடிஞ்சா நீதான் நம்ம டைவர். முடியலன்னா நான் வேற ஆளுக்குச் சொல்லிடுவேன். வருத்தப்படக் கூடாது.”

“முடியும் சார்.”

“உனக்கு யாரு பிடிக்கிறது?”

“நம்ம பழைய டைவர்தான். மச்சினன்.”

“அவனால நிக்கவே முடியாதேப்பா.”

“ஸ்டூல் போட்டு உக்கார வெச்சுடலாம் சார். கை நல்லாத்தான் இருக்கு.”

“கேட்டுட்டியா?”

“கேக்கணுமா? அவன் மாட்டேன்னா சொல்லப் போறான்?”

அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான்.

சாயங்காலம், கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாதி கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து குழாய்க்காரன் விஷயத்தைச் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே தூறல். மச்சினன் முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். ஓட்டை ஒரே சுருளாக எடுக்கப் பார்த்துக் கடைசியில் உடைத்துவிட்டான்.

“காலையில அக்காகிட்ட சொன்னது கேட்டுச்சு மாமா.”

“கேட்டுச்சா? பின்ன ஏன் பேசாம இருந்த?”

“என்கிட்ட சொல்லலயே.”

“இப்பச் சொல்றேன். வெள்ளிக்கிழமை. நீதான் பிடிக்கணும்.”

“நான் பிடிக்க மாட்டேன் மாமா.”

“ஸ்டூல் போட்டுத் தர்றேன்டா. சாஞ்சுக்கக் கம்பி இருக்கு.”

“ஸ்டூலுக்கில்ல.”

“காது கேக்கணும்னு இல்லயே. கைதானே.”

“கைக்குமில்ல.”

“பின்ன எதுக்கு? நான் இறங்குறது பிடிக்கலயா? உன் எடத்தப் பிடுங்கிக்கறேன்னு நெனைக்கிறியா?”

மச்சினன் முட்டையைப் பாதியாகக் கடித்து மெதுவாக மென்றான். “மாட்டேன்னா விடுங்களேன் மாமா,” என்று சொல்லிவிட்டு, கேட்காத காது மேலே இருக்கும்படி புரண்டு படுத்துக்கொண்டான். அப்புறம் அவனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான்.

சமையலறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். “என்ன சொன்னான்?” என்று அவள் கேட்கவில்லை. “என்ன செய்யலாம்?” என்று அவனும் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

அடுத்த நாளிலிருந்து அவன் ஆள் கேட்க ஆரம்பித்தான்.

இப்படி ஒன்றை வாழ்க்கையில் அவன் யாரிடமும் கேட்டதில்லை. துறையில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். எல்லாரும் “என்னப்பா குழாய், சௌக்கியமா?” என்பார்கள். ஆனால் குமிழியைப் பார்த்தபடியே நின்று நின்று, யாரோடும் முகம் பார்த்துப் பேசின பழக்கம் அவனுக்கு இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீடு மாறினார், ஒன்றும் தெரியாது.

முதலில் வெல்டரிடம் போனான்.

“ஐயோ, நானா? நல்லாக் கேட்டீங்க போங்க. எனக்கு எதையாவது பிடிச்சா உடனே பத்த வெக்கணும்னு தோணும். பழக்கதோஷம்.”

“வெளையாடாதப்பா.”

“வெளையாடல அண்ணே. ஒருத்தன் உசுரு என் கையில இருக்குன்னா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. வேற ஆளப் பாருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

படகுக்காரர் மரியாதையாக மறுத்தார். “எனக்குச் சொந்தமா ஒரு படகு இருக்கு தம்பி. அதையே கட்டி வெக்க மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுறேன். ரெண்டு தடவ அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு.”

கேன்டீன்காரர் சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டார்: “ஏன், உங்க மச்சினன் பிடிக்கலாமே?”

“அவனுக்கு முடியல.”

“முடியலயா, மாட்டேன்னுட்டானா?”

குழாய்க்காரன் சூப்புப் பானையைப் பார்த்தான்.

“சொந்தக்காரனே மாட்டேங்கிறப்ப நான் எப்படிங்க பிடிக்கிறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? சூப்பு குடிங்க. சூடா இருக்கு. அத வேணா தர்றேன்.”

சூப்பைக் குடித்தான். வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இந்த ஆளிடம் எத்தனையோ வருஷமாகச் சாப்பிடுகிறோம், இவருடைய குரலை இவ்வளவு நேரம் கேட்டது இன்றைக்குத்தான் என்று தோன்றியது.

கடைசியில் அகப்பட்டவன் அவசரம். பெயின்ட் சுரண்டுகிறவன். துறை முழுவதிலும் அவனைவிட மெதுவான ஆள் கிடையாது என்பதால் அந்தப் பேர். மற்றவர்கள் ஒரு பக்கம் சுரண்டி முடிக்கும்போது இவன் ஒரு ஜன்னலளவு சுரண்டியிருப்பான். ஆனால் அந்த ஜன்னல் கண்ணாடிபோல இருக்கும்.

“குழாய் பிடிக்கணுமாண்ணே? பிடிக்கிறேன்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சா நாளாகும்ணே. எனக்கு யோசனை மெதுவா வரும். இப்பவே சரின்னுடறேன்.”

“பயமில்லயா?”

“என்னை யாரும் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லண்ணே,” என்றான் அவசரம். “தள்ளி நில்லும்பாங்க. அவ்வளவுதான்.”

வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க அவனுக்குப் பாஷை சொல்லிக் கொடுத்தான். ஒன்று, நல்லாயிருக்கியா. இரண்டு, விடு. நாலு, தூக்கு. அவசரம் விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்தான். “இழுத்தா விடணும். அதானேண்ணே?” என்று போகும்போது மறுபடி கேட்டான்.

வெள்ளிக்கிழமை காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் பூசினதுபோல அசையாமல் கிடந்தது. வேலையை விட்டுவிட்டுச் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ரப்பர் உடுப்பு மச்சினனுடையது. தோளில் தொளதொள, வயிற்றில் இறுக்கம். தொப்பியை மாட்டித் திருகிவிட்டது விசில். அந்தக் கைக்குப் பழக்கமில்லை, கன்னத்தை நெரித்தது. குழாய்க்காரன் ஏணியில் இறங்கினான்.

முதல் கொஞ்ச தூரம் பச்சை. பிறகு பழுப்பு. பிறகு ஒன்றுமில்லை.

கையை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தான். கை இல்லை. கால் சேற்றைத் தொட்டதும் முட்டி போட்டு உட்கார்ந்தான். தன் மூச்சு தன் காதிலேயே இரைந்தது. கப்பலின் அடிப்பக்கம் எங்கோ தலைக்கு மேலே ஒரு பெரிய குளிராக இருந்தது. பார்த்தான், பார்த்தான். மச்சினன் ஒளித்து வைத்திருந்தது எங்கேயாவது தட்டுப்படும் என்று காத்திருந்தான். இருட்டு. பயல் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான்.

அப்போது முதுகுக்குப் பின்னால் குழாய் தொய்வது தெரிந்தது.

அவசரம் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டான்போல. தொய்ந்தால் சிக்கும். அவன் கை பின்னால் போய்க் குழாயைப் பிடித்தது, தொய்வை வாங்கியது. வாங்கினதும் மேலே அவசரத்துக்கு இழுப்புத் தெரிந்தது. இழுத்தால் விடவேண்டும் அல்லவா? விட்டான். மறுபடி தொய்ந்தது. மறுபடி வாங்கினான். கை வாங்கியது, சுற்றியது, மடியில் வைத்தது; வாங்கியது, சுற்றியது, வைத்தது. இத்தனை நேரம் பதைத்துக்கொண்டிருந்த நெஞ்சு, கைக்கு வேலை வந்ததும் அடங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். ரொம்ப நிம்மதியாக இருந்தது. யாரையோ பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்தது.

மேலே கூச்சல் கிளம்பிவிட்டது.

“எவ்வளவுடா விட்டிருக்க?”

“இழுத்தாரு, விட்டேன்.”

“சுக்கானைத் தாண்டி அடுத்த கப்பலுக்கே போயிருப்பான்டா, இவ்வளவு குழாய்க்கு!”

“இழுக்கிறாருங்க. நான் என்ன செய்ய?”

“அங்க பாருய்யா,” என்றார் படகுக்காரர். “குமிழி ஏணிக்கு அடியிலதானே வருது. ஆளு இங்கயே இருக்கான், குழாய் மட்டும் ஊர்கோலம் போகுதா?”

விசில் விசிலை ஊதினார். தண்ணீருக்கடியில் யாருக்குக் கேட்கும்? குழாயைத் தானே பிடித்துத் தூக்க ஆரம்பித்தார். குழாய்க்காரன் மேலே வந்தபோது, இடுப்பிலும் மடியிலும் கையிலும் சுருள் சுருளாகக் குழாய். நன்றாகச் சுற்றின, ஒழுங்கான, ஒரே அளவான சுருள்கள். ஏணியில் ஏற முடியாமல் இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

தொப்பியைக் கழற்றினதும் முதலில் கேட்டது சிரிப்புதான். வெல்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

“தொட்டியில பழகறப்ப இப்படி ஆகலயா?” என்றார் விசில்.

“அங்க குழாய சுவத்துல மாட்டி வெச்சிருந்தாங்க சார்.”

“ஏன்யா, கீழ போயி உனக்கு நீயே குழாய் பிடிச்சுக்கிட்டிருந்தியா?” விசிலும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கினார். “திங்கக்கிழமை இன்னொரு தடவ பாரு. அன்னைக்கும் இப்படின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. பிடிக்கிறவன் பிடிப்பான்னு விடு. இல்லன்னா நம்பிக்கையான ஆளாக் கூட்டிட்டு வா.”

வீட்டில் இதை அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். வேறு எப்படிச் சொல்வது? அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மச்சினன் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். படகுக்காரர் சொன்னது, விசில் ஊதினது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். மனைவி கரண்டியோடு சிரித்தாள். “போர்வை! இந்தப் போர்வை வேலையைத்தான் அங்கயும் காட்டியிருக்கீங்க!” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மச்சினன் சிரிக்கவில்லை. “எவ்வளவு சுத்தி வெச்சிருந்தீங்க?” என்று கேட்டான்.

“மடி நிறைய.”

“கீழ என்ன இருந்துச்சு மாமா?”

“ஒண்ணுமில்லடா. இருட்டு.”

மச்சினன் தலையை ஆட்டினான்.

“நான் அங்க பயந்ததே இல்ல மாமா. தைரியம்னு எல்லாரும் நெனச்சாங்க. தைரியமெல்லாம் ஒண்ணுமில்ல. என் பயத்த மேல நின்னு நீங்க பயந்துக்கிட்டிருந்தீங்க. அது குழாய்ல தெரியும். இந்த ஆளு எனக்காகக் கிடந்து சாகறாரு, நான் எதுக்குத் தனியா வேற சாகணும்னு வேலையப் பார்ப்பேன். சில நாள் தூக்கமே வரும்.”

“இத ஏன்டா ஒரு நாளும் சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நீங்க கேட்டது கீழ என்ன இருக்குன்னுதானே. கீழ ஒண்ணுமில்ல.”

“சரி, இப்ப எனக்காக நீ கொஞ்சம் பயந்தா என்ன?”

“அதான் முடியலங்கிறேன்.” அவன் குரல் தேவைக்கு மேல் ஓங்கியது, காது கேட்காதவர்களுக்கு அப்படித்தான் வரும். “நீங்க இறங்கித் தலை மறையறதுக்குள்ள இழுத்து மேல போட்டுடுவேன். சுக்கானுமில்ல, துணியுமில்ல. ஒரு நாளும் உங்கள வேலை பார்க்க விட மாட்டேன். நான் பிடிச்சா நீங்க டைவர் ஆக முடியாது மாமா. வேற ஆளு பிடிச்சா ஆகலாம்.”

குழாய்க்காரன் மனைவியைப் பார்த்தான். அவள் கஞ்சியை இறக்கி வைத்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் ஈரப் படுக்கைவிரிப்புகளைப் பிழிந்து தூக்குகிற கை. முழங்கை வரை நரம்பு தெரியும்.

“யார் யாரைக் கேட்டீங்க?” என்றாள்.

“எல்லாரையும்தான். வெல்டர், படகுக்காரர், கேன்டீன்காரர்…”

“எல்லாரையும்.”

“ஆமா.”

“என்னைக் கேக்கணும்னு தோணவே இல்ல, இல்லயா?”

அவன் வாயைத் திறந்தான். சிரிக்கலாமா என்று பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பதற்கு இடமில்லை.

“உன்னையா? உனக்கு… நீ சலவைக்கூடத்துக்கு…”

“லீவு போட மாட்டேனா? இந்தக் கையால ஒரு குழாயப் பிடிக்க முடியாதா? இத்தனை வருஷம் ஒரே போர்வையில படுத்தவதானே. எந்தப் பக்கம் இழுப்பீங்க, எப்ப விடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

“சரி, தப்புதான். இப்பக் கேக்கறேன். நீ பிடிக்கிறியா?”

“மாட்டேன்.”

“பின்ன எதுக்குடி இவ்வளவு…”

“கேட்டிருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஒருத்தனை அந்தத் தண்ணிக்குக் கொடுத்தது போதும். என் கையால இன்னொருத்தரை விட மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும். ஊரெல்லாம் போயி நின்னீங்களே, இந்த அடுப்பங்கரை வரைக்கும் வரலயே.”

அவள் மூன்று கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். தம்பிக்கு முன்னால் ஒன்றும், அவனுக்கு முன்னால் ஒன்றும் வைத்தாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், தம்பியின் கட்டிலில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கும் போகவில்லை. மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். உப்பு எங்கே, கதவைச் சாத்து என்பதுபோல இரண்டொரு பேச்சு. இறங்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பானோ என்னவோ. அவன் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூடுபனி. மூன்றாம் மேடையில் வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. விசில் மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

“யாரைச் சொல்ற?”

“அவசரத்தையே சொல்றேன் சார்.”

“அவனேவா? யோசிச்சுட்டியா?”

“யோசிச்சுட்டேன்.”

அவசரம் குளித்துத் தலை சீவி வந்திருந்தான். குழாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, இன்னைக்கும் இழுத்தா விடணுமா?”

“இழுக்க மாட்டேன்.”

“இழுத்தா?”

“இழுத்தா விடு. நடுநடுவுல நல்லாயிருக்கியான்னு கேளு. அன்னைக்குக் கேக்கவே இல்ல நீ.”

“மறந்துட்டேண்ணே. இன்னைக்குக் கேக்கறேன்.”

பச்சை. பழுப்பு. சேறு.

குழாய்க்காரன் இந்தத் தடவை உட்காரவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கப்பலின் அடிவயிற்றில் விரித்து வைத்தான். சிப்பி அப்பிக் கிடந்தது, கையுறைக்குள்ளும் குத்தியது. கையை எடுக்காமல் ஒரு அடி நகர்ந்தான். பின்னால் குழாய் விறைத்தது. விடவேண்டும், இப்போதே விடவேண்டும், இவன் ஏன் விடவில்லை என்று விரல்கள் துடித்தன. அவன் சிப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்புறம் மெதுவாக, ரொம்ப நேரம் கழித்து, குழாய் வந்தது. தேவைக்கு மேல் வந்தது. தொய்ந்தது. ஒவ்வொரு தப்பும் முதுகில் தெரிந்தது. ஒன்றையும் திருத்தவில்லை.

அப்படியே நகர்ந்தான். எவ்வளவு தூரம் என்று சொல்ல அங்கே அடையாளம் கிடையாது. கப்பல் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை காலம் இங்கே மச்சினன் இருந்தான், மேலே இவன் இருந்தான். இப்போது இங்கே இவன் இருக்கிறான். மச்சினன் கட்டிலில் எந்தக் காது மேலே இருக்கப் படுத்திருக்கிறானோ. இந்நேரம் அவள் சலவைக்கூடத்தில் ஒரு ஈரவிரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருப்பாள். மறு முனையை வேறு யாரோ பிடித்திருப்பார்கள். இரண்டு பேரும் எதிர் எதிராக முறுக்குவார்கள்.

சுக்கானின் விளிம்பு கைக்கு வந்தது. இடுப்பிலிருந்து துணியை எடுத்துத் துழாவித் துழாவி முடிந்தான். முடிச்சு சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தான்.

அப்போது மேலேயிருந்து ஒரு இழுப்பு வந்தது. முரட்டு இழுப்பு. தோள் பின்னுக்குப் போயிற்று. அவசரத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது. நல்லாயிருக்கியா என்று கேட்கிறான்.

குழாய்க்காரன் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பாஷையில் என்ன இருக்கிறது? நல்லாயிருக்கேன், விடு, தூக்கு. இவற்றுக்கு நடுவில் ஒன்றும் கிடையாது. இந்த இருட்டில் நின்று ஒருவன் சொல்ல நினைப்பதற்கு ஒரு இழுப்பை யாரும் இன்னும் வைக்கவில்லை. மச்சினனும் இப்படித்தான் இங்கே நின்றிருப்பான், எத்தனையோ தடவை.

மேலே அந்த மெதுவான மனிதன் காத்துக்கொண்டிருந்தான்.

கையைப் பின்னால் கொண்டுபோய், ஒருமுறை இழுத்தான். பிறகு குழாயை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கப்பலில் வைத்து, வந்த வழியே தடவித் திரும்பினான்.